காலரைத் திருகித் தாழ்த்திய வண்டி: ஆட்டோகிராஸ் காரின் தரை உயரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாணவர்கள் தாங்களே கட்டிய பந்தயக் காரோடு மோதும் ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் ஆட்டோகிராஸ் என்பது கூம்புகளால் குறுக்கப்பட்ட பாதையில் ஒரு சுற்றை எவ்வளவு விரைவாக முடிக்கிறார்கள் என்று பார்க்கும் சோதனை. இரண்டு ஓட்டுநர்கள், ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. ஒரு கூம்பைத் தட்டினால் 2 வினாடி கூடும், பாதையை விட்டு வெளியேறினால் 10 வினாடி. இடம் வலமாக மாறி மாறி வளைந்து ஓட்டும் ஸ்லாலம் கூம்புகளுக்கிடையே 7.5 முதல் 12 மீட்டர்தான் இருக்கும். கொண்டை ஊசித் திருப்பத்தின் வெளிவிட்டம் 9 மீட்டர் வரை சுருங்கலாம். இப்படிப்பட்ட பாதையில் வண்டி எங்கும் ஒரு நிலையில் நிற்பதில்லை. பிரேக், திருப்பம், எதிர்த்திருப்பம், மறுபடி பிரேக் என்று சஸ்பென்ஷன் எந்நேரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் நிற்கும்போது வண்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதோடு, அந்த உயரத்திலிருந்து சக்கரம் மேலே போக எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்பதும் சுற்று நேரத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த ஆய்வில் வருவது தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் குழு. கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்காக வண்டி கட்டியவர்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது வண்டியைத் தாழ்த்தினார்கள். தாழ்த்தியதும் வண்டி மெதுவானது. ஏன் அப்படி ஆனது, எப்படிச் சரி செய்யப்பட்டது என்பதே இங்கே பதிவாகிறது.

வண்டியும் அதன் வடிவமைப்பு எண்களும்

எஃகுக் குழாய்ச் சட்டம், கேடிஎம் 390 டியூக்கின் 373 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், 10 அங்குல ரிம், 18 அங்குல வெளிவிட்டமுள்ள ஸ்லிக் டயர். இரு ஓட்டுநர்களில் கனமானவர் உடையும் ஹெல்மெட்டும் அணிந்து அமர்ந்திருக்கும்போது மொத்த எடை 300 கிலோ. முன்பக்கம் 138, பின்பக்கம் 162. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 1550 மி.மீ., ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 280 மி.மீ.

நான்கு மூலையிலும் சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் இரட்டை விஷ்போன் கைகள், சக்கரத்தின் அசைவைக் கடத்தும் புஷ்ராடு கம்பி, அதைத் திருப்பி டேம்பருக்குத் தரும் ராக்கர். டேம்பர்கள் (அதிர்வுத் தணிப்பான்கள்) மலைச் சைக்கிள் வகை, ஸ்ட்ரோக் (சுருங்கும் தூரம்) 50 மி.மீ. நான்கு ஸ்ப்ரிங்கும் ஒரே விறைப்பு, மி.மீ.க்கு 35 நியூட்டன். முன்பக்கத்தில் சக்கரம் 1 மி.மீ. ஏறினால் டேம்பர் 0.74 மி.மீ. சுருங்கும், பின்பக்கத்தில் 0.75. இந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு கிடைக்கும்: முன்பக்கம் 19.2, பின்பக்கம் 19.7.

வடிவமைப்பு உயரம் முன் அச்சில் 45, பின் அச்சில் 48 மி.மீ. அந்த உயரத்தில் முன் டேம்பர் 22 மி.மீ. சுருங்கி நிற்கும், 28 மிச்சம். அதில் 10 மி.மீ., கடைசியில் முட்டித் தாங்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர். ஆகவே ரப்பரைத் தொடுமுன் சக்கரம் 24 மி.மீ.க்குச் சற்று மேல் ஏறலாம். ரப்பர் நசுங்கி 4 மி.மீ. ஆகும் வரை போனால் 32 மி.மீ. பின்பக்கத்தில் இதே கணக்கு 19, 27 என்று வரும். ஃபார்முலா ஸ்டூடன்ட் விதி கேட்பது ஓட்டுநருடன் குறைந்தது 50 மி.மீ. சக்கர நகர்வு, அதில் மேல்நோக்கி 25. டயர் தவிர வண்டியின் எந்தப் பாகமும் தரையிலிருந்து 30 மி.மீ.க்குக் கீழே இருக்கக் கூடாது. வடிவமைப்பு இரண்டையும் நிறைவேற்றியது. பின்பக்கத்தில் உபரி அதிகமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யப்பட்டது

விதி 30 வரை அனுமதிக்கும்போது 45-இல் ஓட்டுவானேன் என்ற கேள்வி குழுவுக்குள் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் திருப்பத்தில் வெளிச் சக்கரத்துக்கு மாறும் சுமை குறையும், டயர் ஜோடி தரும் மொத்தப் பிடிப்பு கூடும். முன்பக்கம் 32, பின்பக்கம் 36 என்று முடிவானது.

தாழ்த்திய வழியில்தான் சிக்கல். நான்கு டேம்பரிலும் ஸ்ப்ரிங்கைத் தாங்கும் காலரைத் தளர்த்தினார்கள். முன்பக்கத்தில் காலர் சுமார் 9.6 மி.மீ. இறங்கியது, மரையின் கணக்கில் ஆறரைச் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. தெருவில் ஓடும் காரில் காயில்ஓவர் (ஸ்ப்ரிங் சுற்றிய டேம்பர்) போட்டுப் பழகியவர்களுக்கு இதுவே இயல்பான வழி. டேம்பரின் நீளத்தைத் தனியே மாற்ற இயலாத அமைப்பில் வேறு வழியும் கிடையாது. ஆனால் இந்த வண்டியில் புஷ்ராடு இருக்கிறது, இரு முனையிலும் திருகிச் சரிசெய்யும் மரை மூட்டான ராட் எண்டுடன். உயரத்துக்கென்றே வைத்த பாகம் அது. அதைத் தொடவேயில்லை.

காரணம் நேரம். காலரைச் சுழற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதில்லை, ஒரு சி-ஸ்பேனர் போதும். பின்பக்கப் புஷ்ராடில் இரு முனையும் வலது மரை, குழாயைச் சுழற்றினால் ஒரு முனை உள்ளே போக மறுமுனை வெளியே வரும். ஒரு முனையின் போல்ட்டைக் கழற்றாமல் நீளத்தை மாற்ற முடியாது.

ஓட்டத்தில் கண்டவை

கல்லூரி வளாகத்தின் தார்ச்சாலை மைதானத்தில் அமைத்த பாதையில், தாழ்த்துவதற்கு முன் ஓர் ஓட்டுநரின் சுற்றுகள் 41.6 வினாடியை ஒட்டி வந்தன. தாழ்த்திய பின் அதே ஓட்டுநர், அதே டயர், 42.4.

பிரேக் பிடித்தபடியே வண்டியைத் திருப்பினால் முன்பக்கம் வராமல் நேரே தள்ளுகிறது, பிரேக்கை விட்ட பிறகு சட்டென்று பிடிக்கிறது என்றார் ஓட்டுநர். வலது திருப்பத்தில் இது அதிகம். இடது திருப்பத்தில் பின்பக்கம் இளகியது. ஸ்லாலத்தில் ஒரு கூம்புக்கு ஒரு மாதிரி, அடுத்ததற்கு வேறு மாதிரி. மைதானத்தில் இரண்டு தார்ப்பட்டைகள் சேரும் இடத்தில் முன் அடித்தட்டு உரசிய சத்தம். அதே இணைப்பில் சக்கரம் கீழே விழும்போது 'டக்' என்று ஓர் உலோகச் சத்தமும் கேட்டது.

டயரின் சூடு முன் இடதில் உள்விளிம்பு 61, நடு 55, வெளிவிளிம்பு 47 பாகை. உள்விளிம்பே வேலை செய்துகொண்டிருந்தது.

குழு முதலில், திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் முறுக்குக் கம்பியான ஆன்டி-ரோல் பாரைச் சந்தேகித்து முன்பக்கத்தை மென்மையாக்கியது. பெரிய மாற்றமில்லை. டேம்பரின் சுருக்கத் தணிப்பை இரண்டு கிளிக் கூட்டினார்கள், வண்டி இன்னும் துள்ளியது. அறிகுறி தள்ளுவது என்பதால் கை பாரை நோக்கிப் போவது இயல்பே. ஆனால் தள்ளல் பிரேக்கோடு வந்து பிரேக்கோடு போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது டேம்பரின் நகர்வைத்தான்.

பட்டறையில் கண்டவை

டேம்பர் தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றைச் சுற்றி, வெட்டி, கையால் தள்ளினால் நகரும் அளவுக்கு இறுக்கி வைப்பது மலிவான, நம்பகமான அளவுகோல். அதிகபட்சம் எவ்வளவு சுருங்கியது என்பதை அது நிறுத்திக் காட்டும். குழு அதைப் போட்டிருந்தது, ஆனால் யாரும் பார்க்கவில்லை. முன் டேம்பர் இரண்டிலும் டை, பம்ப் ஸ்டாப்பின் அடியில் நசுங்கிக் கிடந்தது. ரப்பரின் கீழ் விளிம்பு வட்டமாக மெருகேறிப் பளபளத்தது. ஒவ்வொரு பிரேக்கிலும் முட்டியிருக்கிறது என்று பொருள்.

அடுத்து வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் முன் ஸ்ப்ரிங்கைத் தொட்டுவிட்டு, "அண்ணா, இது கையிலேயே சுத்துதே" என்றார். ஸ்ப்ரிங்குக்கும் அதன் மேல் தட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. 'டக்' சத்தத்தின் மூலம் இதுதான். சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஸ்ப்ரிங் தட்டைவிட்டு விலகி, திரும்ப உட்காரும்போது அடிக்கிறது. நகர்வின் கடைசி 13 மி.மீ.க்கு அந்தச் சக்கரத்தைத் தரையை நோக்கித் தள்ள எதுவும் இல்லை.

அளந்த தளமும் சரியில்லை. வண்டி நின்ற இடத்தைக் கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்தபோது பின் வலது சக்கரம் நிற்கும் இடம் மற்றவற்றைவிட 6 மி.மீ. தாழ்ந்திருந்தது. சிமென்ட் தளம் வடிகாலுக்காகச் சரிந்திருந்த இடம் அது. அந்தத் தளத்தில்தான் நான்கு உயரத்தையும் சமமாக்கியிருந்தார்கள். அதுவும் ஓட்டுநர் இல்லாமல், ஆன்டி-ரோல் பார் இணைந்த நிலையில்.

நான்கு எடைத் தராசில் ஓட்டுநரோடு நிறுத்தியபோது முன் இடது 73, முன் வலது 65, பின் இடது 78, பின் வலது 84 கிலோ. முன் வலதும் பின் இடதும் சேர்ந்தால் 143, மொத்தத்தில் 47.7 சதவீதம். இதைத்தான் குறுக்கு எடை என்பார்கள். 50 இருக்க வேண்டிய இடம். முன் இடதிலும் பின் வலதிலும் சுமை கூடினால் வலது திருப்பத்தில் முன்பக்கம் தள்ளும், இடது திருப்பத்தில் பின்பக்கம் இளகும். ஓட்டுநர் சொன்னது அப்படியே எண்ணில் வந்தது.

முன் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு; மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்தால் எதிர்மறை) எதிர்மறை 1.5 பாகையில் வைத்தது 2.2 ஆகியிருந்தது. முன் டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) 2 மி.மீ. வெளிநோக்கி வைத்தது 5 ஆகியிருந்தது. தாழ்த்திய பின் இரண்டையும் யாரும் மறுபடி அளக்கவில்லை.

கணக்கு

1.4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் 1.4 மடங்கு) பிரேக்கில் முன் அச்சுக்கு மாறும் சுமை, 300 × 9.81 × 1.4 × 280 ÷ 1550. சுமார் 744 நியூட்டன், சக்கரத்துக்கு 372. சக்கர விறைப்பால் வகுத்தால் முன்பக்கம் 19.4 மி.மீ. இறங்கும். பிரேக்கில் முன்பக்கம் இறங்குவதைத் தடுக்கும் ஆன்டி-டைவ் அமைப்பு இந்த வண்டியில் மிகக் குறைவு என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வடிவமைப்பு நிலையில் ரப்பரைத் தொட 24 மி.மீ. இருந்தது, அதனால் பிரேக் மட்டும் அதை எட்டாது. காலரை இறக்கிய பின் டேம்பர் 31.5 மி.மீ. சுருங்கி நிற்கிறது. மிச்சம் 18.5, ரப்பரைக் கழித்தால் 8.5, சக்கரத்தில் 11.5 மி.மீ. அதாவது பிரேக் 0.8 ஜி-யை எட்டும்போதே முன்பக்கம் ரப்பரில் உட்கார்ந்துவிடும். அதன் மேல் திருப்பினால் வெளி முன் சக்கரத்தின் விறைப்பு திடீரென்று பல மடங்காகும், சுமை மாற்றத்தின் பெரும்பங்கை முன் அச்சே சுமக்கும், வெளி முன் டயர் திணறும். பிரேக்கை விட்டதும் ரப்பரை விட்டு எழும், பிடிப்பு திரும்பும். தள்ளலுக்கும் அதன் திடீர்த் தன்மைக்கும் இது ஒன்றே போதுமான விளக்கம்.

ரப்பர் முழுதும் நசுங்கினாலும் மேல்நோக்கிய நகர்வு முன்பக்கம் 20 மி.மீ.க்குள், பின்பக்கம் 15-ஐ ஒட்டி. விதி கேட்பது 25. வேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த நிலையில் பரிசோதனையையே தாண்டியிருக்காது.

உரசலுக்கும் கணக்கு இருக்கிறது. சட்டத்தின் மூக்கு முன் அச்சிலிருந்து 400 மி.மீ. முன்னே நீண்டிருக்கிறது. பிரேக்கில் முன் அச்சு 19 மி.மீ. தாழ்ந்து, பின் அச்சு ஏறத்தாழ அவ்வளவே உயரும்போது சாய்வினால் மூக்கு இன்னும் 10 மி.மீ. தாழும். டயரும் 4 மி.மீ.க்கு அருகில் நசுங்கும். 32-இலிருந்து இவற்றைக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாது. மூக்கு தார்ச்சாலையில் ஓயாமல் இழுபடாததற்கு ஒரே காரணம், பம்ப் ஸ்டாப் வண்டியைத் தாங்கிப் பிடித்தது.

இவ்வளவுக்கும் ஈடாகக் கிடைத்த ஆதாயம் என்ன? ஈர்ப்பு மையம் 280-இலிருந்து 267. சுமை மாற்றம் ஏறத்தாழ 4.6 சதவீதம் குறையும். இது உண்மையான ஆதாயம், ஒதுக்கித் தள்ளக் கூடியதல்ல. ஆனால் சஸ்பென்ஷன் வேலை செய்யும் இடத்தை விலையாகக் கொடுத்து வாங்கத் தகுந்ததும் அல்ல.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, காலரை வடிவமைப்பு நிலைக்குத் திருப்பி, உயரத்தைப் புஷ்ராடால் மட்டுமே மாற்றுவது. புஷ்ராடைச் சுருக்கினால் சட்டம் தாழும், ஆனால் ராக்கரும் டேம்பரும் நிற்கும் நிலை மாறாது, ஏனென்றால் ஸ்ப்ரிங் தாங்கும் சுமை அதேதான். மேலே போகும் இடமும் தொங்கும் இடமும் அப்படியே இருக்கும். காலரை இறக்கினால் சட்டம் தாழும்போது ராக்கரும் சுழன்று டேம்பரைத் தின்றுவிடும். வெளியிலிருந்து பார்க்க இரண்டு வண்டியும் ஒரே உயரம்.

இரண்டாவது, உயரம் எவ்வளவு என்பது. 45-இல் மூக்குக்கு 12 மி.மீ. மிஞ்சும், 40-இல் 7. மைதானத்தின் தார் இணைப்புகளின் மேடு 4 மி.மீ. வரை இருந்தது. முன்பக்கம் 40, பின்பக்கம் 43 என்று வைத்தார்கள். 38 வரை போகலாம் என்ற வாதமும் இருந்தது. போட்டித் தளத்தின் மேடுபள்ளத்தை அளக்க வழியில்லாததால் 40-இல் நின்றது சரியான முடிவு. ஈர்ப்பு மையத்தில் 2 மி.மீ. ஆதாயம் ஒரு சதவீதம்கூட வராது. அடித்தட்டு ஒருமுறை அழுத்தமாக உரசினால் முன் டயரின் சுமை அந்தக் கணம் பறிபோகும்.

மூன்றாவது, அளப்பதற்கு ஒரு தளம். அது இல்லாமல் மற்ற இரண்டும் வெறும் எண்கள்.

தளம் அமைத்தல்

நான்கு சக்கரத்துக்கும் 18 மி.மீ. ப்ளைவுட் துண்டு. தாழ்ந்த இடங்களில் 1, 2 மி.மீ. ஜிஐ தகடுகளை அடியில் அடுக்கி, தண்ணீர் டியூபில் நான்கும் ஒரு மி.மீ.க்குள் வரும் வரை சரிசெய்தார்கள். துண்டுகளின் இடத்தைத் தரையில் பெயின்டால் வரைந்து, எந்தத் தகடு எங்கே என்று துண்டின் மேலேயே எழுதினார்கள். 6 மி.மீ. பள்ளத்தை விட்டிருந்தால் ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டரை முதல் மூன்று கிலோ வரை பொய் சொல்லும், ஆன்டி-ரோல் பார் இணைந்திருந்தால் அதற்கும் மேல்.

எடைக்கு, 150 கிலோ தாங்கும் வீட்டு டிஜிட்டல் தராசுகள் நான்கு. ஒரே மூட்டையை நான்கிலும் வைத்துப் பார்த்ததில் 0.4 கிலோவுக்குள் வேறுபாடு, அதைத் திருத்தமாக எழுதிக்கொண்டார்கள். வீட்டுத் தராசில் ஒரு தொல்லை உண்டு. எடை நிலைத்ததும் எண்ணைப் பூட்டிவிடும், புஷ்ராடைத் திருகினாலும் பழைய எண்ணையே காட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு வண்டியைத் தூக்கி இறக்கியாக வேண்டும். எண்ணைப் பூட்டாத தராசு கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

சட்டத்தின் கீழ்க்குழாயில் அச்சுகளுக்கு நேர் கீழே நான்கு இடங்களில் பெயின்டைச் சுரண்டி, பஞ்ச் அடித்துப் புள்ளி வைத்தார்கள். டேப்பால் அளப்பதை விட்டுவிட்டு, 40, 43 மி.மீ.க்கு அரைத்த அலுமினியக் கட்டைகளை அடியில் நுழைத்து, மீதி இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்தார்கள்.

உயரம் அமைத்த வரிசை

டயர் காற்று நான்கிலும் ஓடும் அழுத்தத்துக்கு. டேங்கில் பாதி எரிபொருள். கனமான ஓட்டுநர் முழு உடையில், கை ஸ்டியரிங்கில், ஸ்டியரிங் நேராகக் கட்டப்பட்டு. மற்ற ஓட்டுநர் 12 கிலோ குறைவு, அவர் அமர்ந்தால் வண்டி ஒன்றரை மி.மீ. உயரும். இருக்கை நடுக்கோட்டில் இருப்பதால் குறுக்கு எடை மாறாது. தரையிடைவெளிதான் கட்டுப்படுத்தும் விஷயம் என்பதால் கனமானவரையே அளவாகக் கொண்டார்கள்.

ஆன்டி-ரோல் பாரின் ஒரு பக்க இணைப்பை முன்னும் பின்னும் கழற்றினார்கள். காலரின் இடத்தைச் சுற்றுகளை எண்ணி அல்ல, டேம்பர் கண்ணிலிருந்து வெர்னியரால் அளந்து வைத்தார்கள். சக்கரம் தொங்கும்போது ஸ்ப்ரிங் தளராமல், அதே நேரம் முன்அழுத்தமும் இல்லாமல் உட்காரும் புள்ளி அது. இடம் வலம் இரண்டும் அரை மி.மீ.க்குள்.

பிறகு இடது வலது புஷ்ராடுகளைச் சம நீளத்தில் தொடங்கினார்கள். முன்பக்கத்தில் ஒரு முனை இடது மரை, ஒரு முனை வலது மரை, எம்8, 1.25 பிட்ச். குழாயை ஒரு சுற்றுச் சுழற்றினால் நீளம் 2.5 மி.மீ. மாறும், சட்டத்தின் உயரம் 3 மி.மீ.க்குச் சற்று மேல். வடிவமைப்பு நிலையிலிருந்து 5 மி.மீ. தாழ்த்த ஒன்றரைச் சுற்றுக்குச் சற்று மேல் போதுமானது. பின்பக்கத்தில் ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கழற்றி ராட் எண்டை அரைச் சுற்று திருக வேண்டியிருந்தது, ஒரு படிக்கு உயரத்தில் 0.8 மி.மீ. மாற்றம். சுருக்கும்போது மரை குழாயின் அடியில் முட்டுகிறதா என்றும், நீட்டும்போது குறைந்தது 12 மி.மீ. மரை உள்ளே இருக்கிறதா என்றும் பார்ப்பது கட்டாயம். பின்னதைத் தவறவிட்டால் புஷ்ராடு ஓட்டத்தில் பிடுங்கிக்கொள்ளும்.

ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியை உடனே அளக்கக் கூடாது. தொங்கும்போது சக்கரங்கள் உள்நோக்கி ஒடுங்கியிருக்கும், இறங்கியதும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு வண்டியை 4, 5 மி.மீ. தூக்கியே வைத்திருக்கும். இதற்காகப் ப்ளைவுட்டின் மேல் இரண்டு தகடுகள், நடுவே கிரீஸ். அதன் மேல் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி விரியும். அப்படியும் டேம்பர் உராய்வு மிச்சமிருக்கும். வண்டியைக் கீழே அழுத்தி மெதுவாக விட்டு ஓர் அளவு, மேலே தூக்கி மெதுவாக விட்டு ஓர் அளவு. இரண்டுக்கும் இடையே 2 மி.மீ. வித்தியாசம் வந்தது. நடுப்புள்ளியே உயரம். இந்த இரட்டை அளவை எடுக்காதவர்கள் அரை மி.மீ. துல்லியம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மூலை எடை

நான்கு உயரமும் சரியான பிறகு எடை பார்த்தபோது குறுக்கு எடை 49-ஐ ஒட்டி வந்தது. மட்டமான தளத்துக்கு வந்ததும் காலர்கள் சமமானதும் பெரும்பகுதியைத் தாமாகவே சரிசெய்துவிட்டன. மீதியை நான்கு மூலையிலும் பகிர்ந்தார்கள்: முன் வலதும் பின் இடதும் சற்று நீளம், முன் இடதும் பின் வலதும் அதே அளவு சுருக்கம். ஒரே மூலையில் திருகினால் எடை சரியாகும், ஆனால் சட்டத்தின் நிலை சாயும். நான்கிலும் பகிர்ந்தால் உயரங்கள் அசையாது.

இறுதி எண்கள் முன் இடது 69.5, முன் வலது 68.5, பின் இடது 81.5, பின் வலது 80.5. குறுக்கு எடை 50. முன்பின் எடையும் இடவல எடையும் முன்பிருந்த அதே 138–162, 151–149 என்பதைக் கவனிக்கலாம். புஷ்ராடால் அவற்றை மாற்ற முடியாது, பாகங்களை இடம்மாற்றினால்தான் மாறும். இந்த இரண்டு கூட்டல்களும் மாறினால் அளவில் எங்கோ பிழை.

கேம்பர், டோ, பார்

முன் கேம்பர் 1.75 பாகையில் இருந்தது. சக்கரத்தைத் தாங்கும் அப்ரைட்டின் மேல் இணைப்பில் 1 மி.மீ. ஷிம்முக்கு (இடைத் தகட்டுக்கு) 0.3 பாகை, அதனால் ஒரு ஷிம்மைச் சேர்த்து ஏறக்குறைய 1.5-க்குக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகே டோ, நூல் கட்டி, மறுபடி 2 மி.மீ. வெளிநோக்கி. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றும் முந்தையதைக் கெடுக்கும். எல்லாம் முடிந்து உயரத்தை மறுபடி பார்த்தபோது மாற்றம் அரை மி.மீ.க்குள்.

ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போதே ஆன்டி-ரோல் பாரின் இணைப்பு நீளத்தைச் சரிசெய்து, போல்ட் கையால் வழுக்கி உள்ளே போகும் நிலையில் பூட்டினார்கள். தட்டி நுழைத்தால் அதுவே ஒரு முறுக்கு, இவ்வளவு நேரம் சரிசெய்த குறுக்கு எடை அதிலேயே போய்விடும். கடைசியாக மரையைப் பூட்டும் ஜாம் நட்கள் இறுக்கி, ஒவ்வொன்றிலும் பெயின்ட் கோடு. இடது மரை முனையின் ஜாம் நட் எதிர்த்திசையில் இறுகும்.

மீண்டும் ஓட்டம்

முன் கேபிள் டை டேம்பரில் 15 மி.மீ. நகர்ந்து நின்றது, சக்கரத்தில் 20. கணக்கு சொன்ன 19.4-க்கு மிக அருகில், ரப்பரைத் தொடாமல். தார் இணைப்பில் 'டக்' சத்தம் இல்லை. மூக்கின் அடியில் ஒட்டியிருந்த டேப்பில் ஓரிடத்தில் மட்டும் மெல்லிய கீறல். முன் இடது டயர் 58, 56, 52 பாகை. வலது இடது வேறுபாடு இல்லை என்றார் ஓட்டுநர். சுற்றுகள் 41.0 வினாடியை ஒட்டி வந்தன.

முதலில் இருந்த 41.6-ஐ விட இது 0.6 குறைவு. இதை முழுக்க உயரத்தின் கணக்கில் எழுத முடியாது. முதல் ஓட்டத்தின்போது குறுக்கு எடை எவ்வளவு என்று யாரும் அளந்திருக்கவில்லை, ஓட்டுநருக்கும் பாதை பழகியிருந்தது. 5 மி.மீ. தாழ்ந்ததால் வந்தது சிறு பங்கு. வண்டி இரு பக்கமும் ஒரே மாதிரி திரும்பியதும் பிரேக்கோடு திருப்ப முடிந்ததும்தான் பெரும்பங்கு.

அடுத்துப் பின்பக்க உயரத்தை மட்டும் 2 மி.மீ. கூட்டி 45 ஆக்கிப் பார்த்தார்கள். பின் ரோல் மையம் (திருப்பத்தில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) சற்று உயர்ந்து பின் அச்சு சுமை மாற்றத்தில் கூடுதல் பங்கெடுக்கும், வண்டி எளிதாகச் சுழலும். கனமான ஓட்டுநருக்கு ஸ்லாலத்தில் இது பிடித்தது. மற்றவர் கொண்டை ஊசித் திருப்பத்திலிருந்து வெளியேறும்போது வண்டி சுழன்று நின்றது. இரண்டு ஓட்டுநர்களின் நேரமும் தேவைப்படும் போட்டியில் 43-க்குத் திரும்பியது நல்ல முடிவு.

போட்டியில் தரையிடைவெளிச் சோதனையையும் சக்கர நகர்வுச் சோதனையையும் வண்டி முதல் முறையிலேயே தாண்டியது. ஆட்டோகிராஸில் அடித்தட்டு உரசவில்லை. இடையில் டயர் மாற்றியபோது உயரம் ஒரு மி.மீ.க்கு மேல் மாறியது, புதிய ஜோடியின் விட்டம் வேறு. அளந்து வைத்திருந்த புஷ்ராடு அட்டவணையைப் பார்த்து முன்பக்கத்தில் மூன்றில் ஒரு சுற்றில் சரிசெய்ய முடிந்தது.

மாற்ற வேண்டியவை

பின் புஷ்ராடுகளை இடது–வலது மரைக்கு மாற்ற வேண்டும். காலரை நோக்கிக் கை போனதற்கு உண்மையான காரணம் அதுதான். சரியான வழி கடினமாகவும் தவறான வழி எளிதாகவும் இருந்தால், போட்டி நெருங்கும் அவசரத்தில் யாரும் எளிதானதையே செய்வார்கள். காலரை வடிவமைப்பு நிலையில் வைத்துப் பூட்டுத் திருகு போட்டு, பெயின்ட் கோடும் இடலாம்.

பஞ்ச் புள்ளிகளுக்குப் பதிலாகச் சட்டத்தை ஜிக்கில் பற்றவைக்கும்போதே நான்கு அளவுக் கட்டைகளைச் சேர்த்துப் பற்றவைப்பது நல்லது. குழாயின் வளைவும் வெல்டும் அளவில் கலக்காது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு கேபிள் டையின் இடத்தை எழுதும் கட்டம் ஓட்டப் பதிவுத் தாளிலேயே இருக்க வேண்டும். அது இருந்திருந்தால் பாரையும் டேம்பரையும் தொட்டு ஒரு நாள் வீணாகியிருக்காது.

பின்பக்கத்தில் ரப்பரைத் தொடுமுன் 19 மி.மீ. என்பது குறைவு. 10 மி.மீ. ரப்பரை 7 மி.மீ. ஆக்கினால் சக்கரத்தில் 4 மி.மீ. கிடைக்கும், ஆனால் முட்டும்போது கடுமையாக முட்டும். 55 மி.மீ. ஸ்ட்ரோக் டேம்பர் அதைவிட நல்ல தீர்வு. அடுத்த சட்டத்தில் முன் அச்சுக்கு முன்னே அடித்தட்டை 12 மி.மீ. உயர்த்தி வளைத்தால், முன் அச்சில் 35 மி.மீ. வைத்தாலும் பிரேக்கில் மூக்குக்கு 14 மி.மீ. மிஞ்சும். அந்த 35-ஐயும் புஷ்ராடின் வடிவமைப்பு நீளத்திலேயே கிடைக்கும்படி ராக்கரின் இடத்தைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.